மெயில் வருகிறது, போகத்தான் மறுக்கிறது: நான்கு வழிகளில் எதைப் பிடிப்பது?

வரும் மெயில் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். பதில் எழுதி அனுப்பும்போது மட்டும் ஒரு பெட்டி எழும்பி பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் கேட்கும். இந்த நிலையில் பலரும் அதே பாஸ்வேர்டை இன்னும் நிதானமாக அடித்துப் பார்ப்பார்கள். அதுவும் பலிக்காவிட்டால் அக்கவுண்டையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பார்கள். முதல் காரியத்தால் சர்வர் உங்களைச் சிறிது நேரம் பூட்டி வைக்கலாம். இரண்டாவது இன்னும் மோசம். பாப் முறையில் மெயிலை இறக்கி வைத்திருப்பவர்கள், கணினியில் மட்டுமே இருக்கும் பழைய கடிதங்களை அக்கவுண்டோடு சேர்த்துத் தொலைத்துவிட வாய்ப்பு உண்டு.

இதைத் தீர்க்க நான்கு வழிகள் இருக்கின்றன. பாஸ்வேர்டைப் புரோகிராமிடம் தராமல் உலாவியில் உள்நுழையும் ஓஆத் முறைக்கு மாறலாம், மெயில் புரோகிராமுக்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்டு எடுக்கலாம், அனுப்பும் சர்வரை மாற்றலாம், மெயில் புரோகிராமையே மாற்றலாம். நம் வசதிக்கு எது சுலபமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் சர்வர் எதற்காக மறுக்கிறது என்று தெரிந்துவிட்டால், நான்கில் இரண்டு அப்போதே அடிபட்டுப் போகும். அதனால் மறுப்பிலிருந்தே தொடங்கலாம்.

சர்வர் என்ன சொல்கிறது

மெயிலை வாங்குவது ஐமேப் அல்லது பாப், அனுப்புவது எஸ்எம்டிபி. இரண்டுக்கும் சர்வர் வேறு, செட்டிங்ஸ் வேறு. தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராம் இரண்டின் பாஸ்வேர்டையும் தனித்தனியாகத்தான் சேமிக்கிறது. வெளிச்செல்லும் சர்வருக்கான பக்கம் அக்கவுண்ட் செட்டிங்ஸின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். உள்வரும் பக்கத்தில் புது பாஸ்வேர்டைக் கொடுத்தவர், போகும் பக்கத்தில் பழையது அப்படியே இருப்பதைக் கவனிக்காமல் விடுவது சகஜம். 1982இல் எஸ்எம்டிபி வரையறுக்கப்பட்டபோது அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. அடையாளம் கேட்கும் வசதி 1999இல்தான் ஒரு தரமாகச் சேர்ந்தது. அந்தப் பழைய காலத்தின் மிச்சமாக இன்றும் செட்டிங்ஸில் 'அடையாளச் சோதனை இல்லை' என்று ஒரு தேர்வு இருக்கிறது. யாரோ எப்போதோ அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், உலகத்தில் எந்த பாஸ்வேர்டும் வேலை செய்யாது.

பிழைச் செய்தியில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் புள்ளி வைத்த இன்னொரு எண்ணும் இருக்கலாம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்; மற்ற வாசகங்கள் புரோகிராமுக்குப் புரோகிராம் மாறும். எண் 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. 454 4.7.0 என்று வந்தால் பல நேரம் அதன் பொருள், பலமுறை முயன்றுவிட்டீர்கள், சற்றுப் பொறுங்கள் என்பதுதான். அப்போது எந்த செட்டிங்கையும் தொடாமல் காத்திருப்பதே வைத்தியம். 535 5.7.8 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 534 5.7.9 என்பது, நீங்கள் உள்ளே வரும் முறை போதுமான பாதுகாப்பு உள்ளதாக இல்லை என்பதற்கான தர எண். ஜிமெயில் இதே எண்ணோடு 'ஆப் பாஸ்வேர்டு தேவை' என்று வெளிப்படையாகவே எழுதிவிடும். 530 வந்தால், அடையாளம் காட்டாமலோ இணைப்பை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாமலோ அனுப்பப் பார்த்திருக்கிறீர்கள். 535 5.7.139 மைக்ரோசாஃப்டின் எண். பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் அடிப்படை முறை நிறுத்தப்பட்டிருக்கிறது, அல்லது உங்கள் நிறுவனத்தில் எஸ்எம்டிபி உள்நுழைவே மூடப்பட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. இந்த இரண்டில் எது என்பதை அந்த வரியின் மிச்ச வாசகம் காட்டிவிடும். வைத்தியமும் அதற்கேற்ப மாறும்.

553 அல்லது 550 என்று தொடங்கி, அனுப்புநர் முகவரி உங்களுடையது இல்லை என்கிற மாதிரி வந்தால், இந்தக் கட்டுரையின் நான்கு வழிகளுமே வேண்டாம். நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள். வேறு முகவரியின் பெயரில் அனுப்பப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரே புரோகிராமில் மூன்று நான்கு அக்கவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஒவ்வொரு முகவரிக்கும் எந்த வெளிச்செல்லும் சர்வர் இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்தால் முடிந்தது.

பெரிய முடிவு எடுக்கும் முன் இன்னும் சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. பயனர் பெயர் இடத்தில் முழு மெயில் முகவரி இருக்கிறதா? சர்வரின் வாசல் எண்ணான போர்ட் 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு மறையாக்கத்துக்கு மாறுவது), 465 என்றால் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் என்ற மறையாக்கம். இந்த ஜோடி மாறிப்போனால் புரோகிராம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம், இரண்டில் 465ஐத்தான் விரும்பிச் சொல்கிறது. 25ஆம் போர்ட் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. பல இணையச் சேவையாளர்கள் வீட்டு இணைப்புகளில் அதை மூடியே வைத்திருக்கிறார்கள். தண்டர்பேர்டில் 'மறையாக்கப்பட்ட பாஸ்வேர்டு' என்று ஒரு தேர்வு உண்டு. பெயரைப் பார்த்து அதுதான் பாதுகாப்பு என்று பலர் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது 1990களின் ஒரு பழைய முறையைக் குறிக்கிறது. இன்றைய பெரிய சேவைகள் அதை ஏற்பதில்லை. டிஎல்எஸ் இருக்கும்போது இணைப்பு முழுவதும் மறையாக்கம் ஆகிவிடுகிறது. அதனால் 'சாதாரண பாஸ்வேர்டு' என்ற தேர்வில் எந்த ஆபத்தும் இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு தொடர்ந்தால், பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் பழைய முறையை உங்கள் சேவை கைவிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தனிநபர் ஜிமெயிலில் அது நடந்தது 2022 மே 30இல். நிறுவனங்களுக்கான கூகுள் அக்கவுண்டுகளில் 2025 மே 1இல். அவுட்லுக்.காம், ஹாட்மெயில் முகவரிகளில் 2024 செப்டம்பர் 16. அந்தந்தத் தேதிக்குப் பிறகும் பழைய செட்டிங்ஸோடு இருப்பவர், பாஸ்வேர்டைச் சரியாகவே அடித்தாலும் 'பாஸ்வேர்டு தவறு' என்ற பதிலைத்தான் பார்ப்பார்.

ஓஆத்: முடிந்தால் இதுதான்

ஓஆத் முறையில் மெயில் புரோகிராமுக்கு உங்கள் பாஸ்வேர்டே தெரியாது. அது ஒரு உலாவி ஜன்னலைத் திறக்கிறது. நீங்கள் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் நேரடியாக உள்நுழைகிறீர்கள். இருபடிச் சரிபார்ப்பும் அங்கேயே முடிகிறது. புரோகிராமின் கைக்கு வருவது ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு மட்டும். அது பொதுவாக ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். அதைப் புதுப்பித்துக்கொள்ள இன்னொரு நீண்டகால டோக்கன் இருக்கும். மடிக்கணினி தொலைந்தால் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய் அந்த ஒரு புரோகிராமின் அனுமதியை மட்டும் ரத்து செய்துவிடலாம்.

செய்வதும் எளிது. வெளிச்செல்லும் சர்வரின் அடையாள முறையை ஓஆத்2 என்று மாற்றி, சேமித்து வைத்த பழைய எஸ்எம்டிபி பாஸ்வேர்டை நீக்கி, ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தால் ஜன்னல் தானாகத் திறக்கும். உள்வரும் பக்கம் ஏற்கெனவே ஓஆத்தில் இருந்து, வெளிச்செல்லும் பக்கம் மட்டும் 'சாதாரண பாஸ்வேர்டு' என்று தங்கிவிட்ட நிலை மிகப் பொதுவானது. 'வருகிறது, போகவில்லை' என்ற புகாருக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இதற்கும் சிக்கல்கள் உண்டு. உள்நுழைவு ஜன்னல் வெள்ளையாகவே நின்றால், புரோகிராமில் குக்கீகள் தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் கூகுள் உள்நுழைவு குக்கீ இல்லாமல் முடியாது. அலுவலக அக்கவுண்டாக இருந்தால் 'நிர்வாகியின் ஒப்புதல் தேவை' என்று நிற்கலாம். அது உங்கள் கையில் இல்லை.

மைக்ரோசாஃப்ட் 365இல் ஒரு நுணுக்கமான பொறி இருக்கிறது. 2020 ஜனவரிக்குப் பிறகு தொடங்கப்பட்ட நிறுவன அக்கவுண்டுகளில் எஸ்எம்டிபி உள்நுழைவு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். ஓஆத்தைச் சரியாக அமைத்தாலும், ஐமேப் வழியே மெயில் தடையின்றி வந்தாலும், அனுப்புவது மட்டும் 5.7.139இல் முட்டி நிற்கும். ஓஆத் என்பது எப்படி அடையாளம் காட்டுகிறோம் என்பது பற்றியது. இங்கே அடையாளம் கேட்கும் இடமே மூடிக் கிடக்கிறது. நிர்வாகி உங்கள் ஒரு மெயில்பெட்டிக்கு மட்டும் அதைத் திறந்துவிட முடியும். அவரிடம் கேட்கும்போது 'மெயில் போகலை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பிழை எண்ணையும், எஸ்எம்டிபி உள்நுழைவு மூடியிருக்கிறது என்ற வாசகத்தையும் அப்படியே அனுப்புங்கள். வேலை விரைவில் முடியும்.

இன்னொரு வரம்பு, ஓஆத் எல்லா இடத்திலும் இல்லை. சொந்த டொமைனுக்கு ஹோஸ்டிங் நிறுவனம் தரும் மெயில்பெட்டிகளில் பெரும்பாலும் பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமே. மறுபக்கம், புரோகிராமை எழுதியவர்கள் அதை கூகுளிடமும் மைக்ரோசாஃப்டிடமும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பெரிய புரோகிராம்கள் செய்துவிட்டன. தண்டர்பேர்டு 2015இலேயே ஜிமெயிலுக்கு இதைச் சேர்த்தது. கைவிடப்பட்ட பழைய புரோகிராம்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

ஆப் பாஸ்வேர்டு: இரண்டாம் இடம், ஆனால் மோசமில்லை

புரோகிராமுக்கு ஓஆத் தெரியாது, சேவையோ பழைய பாஸ்வேர்டை ஏற்காது. இந்த இடைவெளிக்கென்றே வந்தது ஆப் பாஸ்வேர்டு. அக்கவுண்டின் பாதுகாப்புப் பக்கத்தில் ஒரு நீண்ட பாஸ்வேர்டை உருவாக்கி, அதை மெயில் புரோகிராமில் மட்டும் கொடுக்கிறோம். ஜிமெயிலில் அது 16 எழுத்து. நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவார்கள். இடைவெளிகளை விட்டுவிட்டு அடித்தால் போதும். இருபடிச் சரிபார்ப்பு இயங்கிக்கொண்டிருந்தால்தான் அந்தத் தேர்வு கண்ணிலேயே படும். 'ஆப் பாஸ்வேர்டு பக்கமே காணோம்' என்று தேடுபவர்களில் பலருக்குக் காரணம் இதுவாக இருக்கும். சிலர் இதற்கு நேர்மாறாக, தொல்லை தீரட்டும் என்று இருபடிச் சரிபார்ப்பை அணைத்துவிடுகிறார்கள். இன்று அதனால் பிரச்சினை தீராது, பாதுகாப்பும் போய்விடும்.

யாஹூ, ஐகிளவுட் இரண்டிலும் இந்த வழி நன்றாக வேலை செய்கிறது. ஆப்பிள் 2017லிருந்தே வெளிப் புரோகிராம்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரே நேரத்தில் 25 வரை வைத்துக்கொள்ளலாம். அவுட்லுக்.காம் மட்டும் வேறு ரகம். ஆப் பாஸ்வேர்டும் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும் முறையில்தான் சேர்த்தி என்பதால், 2024 மாற்றத்துக்குப் பிறகு மெயில் புரோகிராமில் அது எடுபடாது. பழைய குறிப்புகளைப் பார்த்து அங்கே ஆப் பாஸ்வேர்டு எடுத்து முட்டிக்கொண்டிருப்பவர்கள் அதை விட்டுவிட்டு ஓஆத் பக்கம் வரவேண்டியதுதான்.

ஓஆத்தைவிட இதை ஒருபடி கீழே வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆப் பாஸ்வேர்டு தானாகக் காலாவதியாகாது, இரண்டாம் படியையும் கேட்காது. அந்த 16 எழுத்து யார் கையில் கிடைத்தாலும் உங்கள் மெயில் அவர் கையில். ஆனாலும் உங்கள் முதன்மை பாஸ்வேர்டையே பத்து இடத்தில் அடித்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு கருவிக்கு ஒன்று என்று வைத்து, பெயரிட்டு வைத்தால், வேண்டாதபோது அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம்.

இதில் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கூகுள், ஆப்பிள் இரண்டிலும் முதன்மை பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் திடீரென்று ஒருநாள் 535 சொன்னால், அண்மையில் பாஸ்வேர்டை மாற்றினோமா என்று யோசியுங்கள். மாற்றியிருந்தால் புதிதாக ஒன்று எடுத்து உள்வரும் பக்கம், வெளிச்செல்லும் பக்கம் இரண்டிலும் கொடுக்க வேண்டும்.

ஸ்கேனர், பிரிண்டர், தானாக மெயில் அனுப்பும் சிறிய ஸ்கிரிப்ட் போன்றவற்றுக்கு உலாவி ஜன்னல் திறக்க வழியில்லை. அங்கே ஆப் பாஸ்வேர்டுதான் முதல் தேர்வு. அதையும் உங்கள் முக்கிய முகவரியில் எடுக்காமல், அதற்கென்று தனி அக்கவுண்ட் ஒன்றில் எடுப்பது என் பரிந்துரை.

அனுப்பும் சர்வரை மாற்றுவது: போனது போல இருக்கும்

இணைய இணைப்பு தருபவரின் எஸ்எம்டிபி சர்வரையோ, வேறு அக்கவுண்டின் சர்வரையோ பயன்படுத்தி அனுப்பிவிடலாம் என்ற யோசனை எளிதாக வரும். சில சமயம் உடனே வேலையும் செய்யும். பிழை மறைந்துவிடும். பிரச்சினை எதிர்ப்புறத்தில் தொடங்கும்.

ஒரு டொமைனின் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல்தான் எஸ்பிஎஃப். மெயிலில் இடப்படும் கையொப்பம் டிகேஐஎம். இரண்டில் ஒன்றுகூட அனுப்புநர் டொமைனோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். யாஹூ முகவரியை வேறு சர்வர் வழியாக அனுப்பினால் இரண்டுமே பொருந்தாது. 2014 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டவற்றை மறுத்துவிடுங்கள் என்றுதான் யாஹூ மற்ற சர்வர்களுக்கு அறிவித்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இன்னும் இறுக்கின. ஆக, உங்கள் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று இருக்கும். பெறுநரின் ஸ்பேம் பெட்டியில் மெயில் கிடக்கும், அல்லது எங்குமே இருக்காது. பிழை கண்ணுக்குத் தெரிவதைவிட இது மோசமான நிலை. இலவச முகவரி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே போகவேண்டாம் என்பேன்.

சொந்த டொமைன் வைத்திருப்பவர்களின் கதை வேறு. டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் டிஎன்எஸ் உங்கள் கையில் இருப்பதால், செண்ட்கிரிட், அமேசான் எஸ்இஎஸ் போன்ற அனுப்பும் சேவையை எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளில் சேர்த்து முறைப்படி அனுப்பலாம். செய்தி மடல், பில், அறிவிப்பு என்று நிறைய அனுப்புபவர்களுக்கு இதுதான் சரியான இடம். தனிநபர் ஜிமெயிலில் ஒரு நாளுக்கு 500 என்ற வரம்பு இருக்கிறது. இந்த அனுப்பும் சேவைகளிலும் 535 வரும். காரணம் அநேகமாக, அந்தச் சேவையின் இணையதளத்தில் நுழையும் பாஸ்வேர்டையே எஸ்எம்டிபியிலும் கொடுத்திருப்பது. எஸ்இஎஸ்ஸில் எஸ்எம்டிபிக்கென்று தனிப் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்க வேண்டும். செண்ட்கிரிடில் பயனர் பெயர் எல்லோருக்கும் ஒரே சொல்தான். உங்களுக்கென்று உருவாக்கிய சாவி பாஸ்வேர்டு இடத்தில் போகும்.

புரோகிராமை மாற்றுவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தில் பழைய மெயில் புரோகிராம் ஓடுகிறது என்றால், பாஸ்வேர்டு பேச்சு தொடங்கும் முன்பே இணைப்பு முறிந்துவிடலாம். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டன, 1.2 தெரியாத புரோகிராமை எந்த ஆப் பாஸ்வேர்டும் காப்பாற்றாது. அங்கே மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதற்குமுன் பழைய மெயில்களை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

பழைய புரோகிராமை விடவே முடியாது என்பவர்களுக்கு இடைத்தரகர்கள் உண்டு. டேவ்மெயில் அப்படி ஒன்று. உங்கள் கணினியிலேயே ஓடிக்கொண்டு, மெயில் புரோகிராமிடம் பழைய ஐமேப், எஸ்எம்டிபி மொழியில் பேசும். அந்தப் பக்கம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரோடு ஓஆத்தில் பேசும். எஸ்எம்டிபி உள்நுழைவு மூடப்பட்ட அலுவலகத்தில்கூட இது சில நேரம் கைகொடுக்கும். ஆனால் பராமரிக்க வேண்டிய பொருள் ஒன்று கூடுகிறது; நிர்வாகி சம்மதித்தாரா என்பதும் இருக்கிறது. செட்டிங்ஸ் நோண்டுவதில் ஆர்வம் இல்லாதவருக்கு இதைச் சொல்லமாட்டேன்.

உலாவியில் மெயிலைத் திறந்து அனுப்புவதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. அவசரக் கடிதம் காத்திருக்கிறது என்றால் முதலில் அதைத்தான் செய்யவேண்டும். அங்கே உள்நுழைய முடிந்தால் பாஸ்வேர்டு சரி, அக்கவுண்டும் பூட்டப்படவில்லை என்பதும் அதே நேரத்தில் தெரிந்துவிடும். பாதுகாப்பு எச்சரிக்கை ஏதாவது காத்திருந்தால் அதுவும் அங்கேதான் கண்ணில் படும். 'அது நான்தான்' என்று அழுத்தியதும் மெயில் புரோகிராமில் தடை விலகிய கதைகளும் உண்டு.

அப்படியானால் யாருக்கு எது

தனிநபர் ஜிமெயிலும் புதிய மெயில் புரோகிராமும் என்றால் ஓஆத், யோசிக்கவே வேண்டாம். அவுட்லுக்.காம் என்றால் ஓஆத் மட்டுமே. யாஹூ, ஐகிளவுட் என்றால் புரோகிராம் தானாக ஓஆத் ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள், திறக்காவிட்டால் ஆப் பாஸ்வேர்டு. அலுவலக மைக்ரோசாஃப்ட் 365 என்றால் நீங்களாக எதையும் மாற்றும் முன் நிர்வாகிக்குப் பிழை எண்ணை அனுப்புங்கள். அங்கே எஸ்எம்டிபியில் பாஸ்வேர்டு முறையை முழுவதும் நிறுத்தும் தேதி பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. இன்னும் வேலை செய்கிறது என்பதற்காக அதையே நம்பிப் புதிதாக எதையும் அமைக்காதீர்கள்.

சொந்த டொமைன், சாதாரண ஹோஸ்டிங் என்றால் பெரும்பாலும் முடிவு எடுக்கவே தேவை இருக்காது. ஹோஸ்டிங் பலகத்தில் அந்த மெயில்பெட்டியின் பாஸ்வேர்டைப் புதிதாக வைத்து, முழு முகவரியைப் பயனர் பெயராகக் கொடுத்து, 465இல் டிஎல்எஸ் வைத்தால் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் போகாவிட்டால், ஆன்டிவைரஸ் வெளிச்செல்லும் மெயிலை இடைமறித்துச் சோதிக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வசதியை மட்டும் அணைத்து ஒருமுறை முயலலாம்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு உங்கள் முகவரிக்கு ஒன்றும் வேறு சேவையில் உள்ள முகவரிக்கு ஒன்றுமாக அனுப்பிப் பாருங்கள். இரண்டாவது முக்கியம், தனக்குத்தானே அனுப்பும் மெயிலில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் கோளாறு தெரியாமல் போகலாம். இரண்டும் போய்ச் சேர்ந்த பிறகு, சேமித்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைத் திறந்து அந்தப் பழைய எஸ்எம்டிபி பதிவையும், முயன்று பார்த்து விட்டுவிட்ட ஆப் பாஸ்வேர்டுகளையும் நீக்கிவிடுங்கள்.